மாநில மறுசுழற்சித் திட்டம், தருமபுரி–கிருஷ்ணகிரி மதிப்பீடு: பாட்டிலுக்கு பாஸ், மல்ச்சிங் ஷீட்டுக்கு முட்டை

பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ ஒரு ஏக்கர் தக்காளி முடிந்து செடியைப் பிடுங்கும் நாளில், வயலில் ஏறத்தாழ 75 கிலோ பிளாஸ்டிக் மிச்சம் கிடக்கும். கணக்கு இதுதான்: பாருக்குப் பார், அதாவது நடவு வரிசைக்கு வரிசை, 5 அடி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 2,700 மீட்டர் மல்ச்சிங் ஷீட், அதாவது பாத்தியை மூடும் பிளாஸ்டிக் போர்வை, விரிக்க வேண்டும். 4 அடி அகலம், 25 மைக்ரான் கனம், 400 மீட்டர் நீளம் கொண்ட ரோல் ஒன்று 11 கிலோ வரும். ஏழு ரோல் இறங்கும். அதே வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டில் பால் கவர், ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை என்று வருடம் முழுக்கச் சேர்வதைக் கூட்டினாலும் அந்த எடையைத் தொடுவது கஷ்டம். மாநிலத்தின் மறுசுழற்சித் திட்டம் பால் கவருக்கு ஒரு வண்டி அனுப்புகிறது. ஷீட்டுக்கு அனுப்பவில்லை. இந்த இரண்டு மாவட்டங்களில் திட்டத்தை எடைபோட இங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

'திட்டம்' என்று ஒருமையில் சொன்னாலும் அதற்கு ஒரே அலுவலகம், ஒரே கணக்குப் புத்தகம் கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை'. 2022 ஜூனில் நகரங்களின் தூய்மைக்கான மக்கள் இயக்கமும் அதன் 'எனது குப்பை எனது பொறுப்பு' வாசகமும். கிராமங்களுக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டப் பணம். டாஸ்மாக் பாட்டில்களுக்குப் பத்து ரூபாய். 2025-ல் அரசு அலுவலகங்களின் பழைய கோப்பு, உடைந்த நாற்காலி, செத்த கம்ப்யூட்டர் வரை அள்ளிய தூய்மை இயக்கம். இவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் மாடுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது ஏர் இழுக்கிறது, எது வைக்கோல் மட்டும் தின்கிறது என்று தெரியும்.

வாசலுக்கு வரும் வண்டி: 5-க்கு 3

தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும் ஓசூர் மாநகராட்சியிலும் வீட்டு வாசலில் குப்பை வாங்கும் முறை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் வந்ததிலிருந்தே மக்கும் குப்பை ஒரு கூடையிலும், மக்காதது இன்னொரு கூடையிலும், மருந்து, பேட்டரி, பெயின்ட் டப்பா போன்றவை தனியாகவும் போக வேண்டும். வீட்டுக்காரர் பிரிக்கிறாரா என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட முக்கியமானது, பிரித்துக் கொடுத்த பிறகு வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது. வண்டியின் பெட்டிக்கு நடுவில் தடுப்பு இருக்கிறதா, அல்லது பக்கவாட்டில் சாக்காவது தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாசலில் பிரித்தது தெருமுனையில் ஒன்றாகிவிடும். பேட்டரி வண்டியிலிருந்து பெரிய லாரிக்கு மாற்றும் இடத்தையும் ஒருமுறை கவனியுங்கள். அழுத்திக் கட்டும் லாரியில் ஈரமும் உலர்ந்ததும் சேர்ந்து ஏறினால் அதற்குப் பிறகு எந்த மையத்தாலும் மீட்க முடியாது.

ஏன் முடியாது? அட்டை நார்ப்பொருள். சாம்பாரும் எண்ணெயும் ஊறிய அட்டையைக் கூழாக்கினால் எண்ணெய் நாருடன் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் வரும். கரூர் காகிதபுரத்தில் அரசின் டி.என்.பி.எல். காகித ஆலை நாளொன்றுக்கு 300 டன் மை நீக்கிய கூழ் தயாரிக்கும் பிரிவு வைத்திருக்கிறது. அங்கே நீக்குவது அச்சு மையைத்தான், குழம்பையல்ல. ஈரக் காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்கமாட்டார். வாங்கினால் எடையில் கழிப்பார்.

பிளாஸ்டிக்கில் கெடுதல் வேறு மாதிரி வரும். தண்ணீர் பாட்டில் பெட் (PET) வகை பிளாஸ்டிக், அடர்த்தி 1.38, தண்ணீரில் மூழ்கும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், மிதக்கும். அதனால் மூடியோடு கொடுத்தாலும் ஆலையில் தண்ணீர்த் தொட்டியே இரண்டையும் பிரித்துவிடும். பாட்டிலை நசுக்கி, காற்று வெளியேறியதும் மூடியைத் திருகிவிட்டால் போதும். தலைவலி சில பாட்டில்களில் உடம்பெல்லாம் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் உறை. அது பி.வி.சி.யாக இருந்தால் பெட்டோடு சேர்ந்து மூழ்கும். பெட் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகி அமிலப் புகை விடும், பாட்டில் துகள் மஞ்சளாகும், வார்ப்பு அச்சும் அரிபடும். வீட்டில் அந்த உறையைக் கத்தியால் ஒரு கீறு கீறி உரித்துவிட்டால் ஆலையில் ஒரு நாள் வேலை மிச்சம்.

பால் கவருக்கு ஒரு சின்ன வித்தை. மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். அறுந்த அந்த முக்கோணத் துண்டை எந்தத் தூய்மைப் பணியாளராலும் பொறுக்க முடியாது. சாக்கடையில்தான் போய்ச் சேரும். கவரை அரை டம்ளர் தண்ணீரில் அலசித் துணிக்கொடியில் மாட்டினால் மறுநாள் காய்ந்துவிடும். அலசாத கவர் இரண்டாம் நாளே நாறும். நாற்றம் வந்தால் வீட்டில் சேர்த்துவைக்க யாருக்கும் மனம் வராது. பிரிக்கும் பழக்கம் பல வீடுகளில் செத்துப்போவது இந்த நாற்றத்தில்தான்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மறுசுழற்சியின் பெரும்பகுதியை இன்றைக்கும் செய்வது பழைய இரும்புக் கடைதான். செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு, செய்தித்தாள், அட்டை, பெட் பாட்டில், உடைந்த குடம், நாற்காலி என்ற ஏணியில் மேலிருந்து கீழே விலை இறங்கும். ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே கிடப்பது சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட். கடைக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் அரசு வண்டிக்கு வருகிறது. அப்படியிருக்க, தரம்பிரிக்கும் மையம் குப்பையை விற்றுத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கறிவேப்பிலையை விற்றுக் கல்யாணச் செலவைச் சமாளி என்பதைப் போல. விலைபோகாததை அகற்றுவது ஒரு சேவை; அதற்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

சிப்ஸ் பாக்கெட் போன்ற இந்தப் பல அடுக்கு உறைகளுக்கு இன்றைக்கு இருக்கிற நடைமுறை வழி சிமென்ட் ஆலைச் சூளை. உள்ளே பொருள் 1,450 டிகிரி வரை சூடாவதால் அவை நிலக்கரிக்குப் பதிலாக எரிந்துவிடும். ஆலைகளில் பலவும் இருப்பதோ அரியலூர்ப் பக்கம். தளர்வாகக் கட்டி அனுப்பினால் லாரி நிறையும், எடை ஏறாது. வாடகை பொருளை விழுங்கிவிடும். ஆகவே அழுத்திப் பொதியாக்கிப் பேல் கட்டும் இயந்திரம் ஓடாத ஊரில் இந்த உறைகள் மலையாகக் குவிவதைத் தவிர்க்க முடியாது. ஈரமாக இருந்தால் ஆலை திருப்பி அனுப்பும், பி.வி.சி. கலந்தாலும் அப்படியே: குளோரின் சூளையின் உட்புறத்தில் படிந்து அடைக்கும்.

கிராமம்: இயந்திரம் நல்லது, கத்தி மொண்ணை. 5-க்கு 2½

ஊராட்சிகளில் ஏறத்தாழ 150 வீடுகளுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது ஏற்பாடு. மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாக வாங்கி, ஊராட்சிக் கொட்டகையில் பிரித்து, மக்குவதை உரக்குழிக்கும் மக்காததை ஒன்றிய அளவிலான பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகுக்கும் அனுப்ப வேண்டும். அலகு ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் வரை தூய்மை பாரத இயக்கம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் கொட்டகை, தூசி நீக்கும் இயந்திரம், துண்டாக்கும் ஷ்ரெட்டர், பேல் கட்டும் பிரஸ் எல்லாம் அடங்க வேண்டும்.

இயந்திரம் வந்த முதல் மாதம் நன்றாக ஓடும். பிறகு வரும் பழுதுகள் எந்த ஒன்றியத்திலும் ஒரே வரிசைதான். கவர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கை வெட்ட, சுழலும் கத்திக்கும் நிலைக்கத்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். மணல் ஒட்டிய கவர் கத்தி முனையைத் தேய்க்கும். இடைவெளி விரியும். விரிந்த இடைவெளியில் கவர் வெட்டுப்படாமல் மடிந்து தண்டில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும், அதைக் காக்கும் ஓவர்லோடு ரிலே விழும். ஆபரேட்டர் மறுபடி ரிலேயைத் தூக்கிவிட்டு ஓட்டுவார். மூன்றாவது முறை மோட்டார் சுருள் கருகும். கத்தியைச் சாணைபிடிக்க ஆகும் செலவு சொற்பம், கருகிய மோட்டார் சுருளை மறுபடி சுற்றுவதற்கு ஆகும் செலவு பல மடங்கு. ஆனால் முதலாவதற்கு ஊராட்சிக் கணக்கில் தலைப்பு இருக்காது, இரண்டாவதற்கு இருக்கும். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுவது, தூசி நீக்காமல் ஒன்றையும் உள்ளே போடாமலிருப்பது, கம்பி, சணல் கயிறு, செருப்பு ஆணி ஆகியவற்றைக் கையால் பொறுக்குவது, ஒரு ஜோடி மாற்றுக் கத்தி அலமாரியில் வைத்திருப்பது: இந்த நான்கைச் செய்கிற அலகு ஓடுகிறது, செய்யாத அலகில் ஷட்டர் இறங்கியிருக்கிறது.

துண்டாக்கியது எங்கே போகிறது? சாலைக்கு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய உலர்முறை இது; தமிழ்நாட்டின் சொந்தச் சரக்கு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜல்லியை 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் 2 முதல் 4 மி.மீ. அளவில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகி ஜல்லிமேல் தோலாகப் படியும். அதற்குப் பிறகு தார். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் ஏறும். ஜல்லியில் தண்ணீர் நுழைவது குறைவதால் மழைக்குப் பிறகு ஜல்லி பெயர்வதும் குறையும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-ல் இதற்குத் தனி வழிகாட்டி நெறிமுறையே வெளியிட்டது.

கெடுப்பது மூன்று விஷயங்கள். துண்டு பெரிதாக இருந்தால் உருகாமல் கட்டி கட்டியாக நிற்கும், ரோலரில் ஒட்டும். ஈரமாக இருந்தால் ஜல்லியின் சூட்டைத் தின்னும். பி.வி.சி. கலந்தால் கலவை இயந்திரத்துப் பக்கம் நிற்பவர் சுவாசிப்பது விஷம். ஆகவே சாலைக்கு அனுப்பும் மூட்டையில் பால் கவர், எண்ணெய் கவர், மளிகைக் கவர் மட்டும் இருக்க வேண்டும். பழைய பைப், ஒயர் தோல், ரெக்சின், பேனர் எதுவும் கூடாது. கட்சிக் கூட்டம் முடிந்த மறுவாரம் ஷ்ரெட்டருக்குள் பேனர் போகும் ஊர்கள் கொஞ்சம் கவனிக்கட்டும்.

உரம்

மக்கும் குப்பைதான் எடையில் பாதிக்கு மேல். அதனால் திட்டம் வெல்வதும் தோற்பதும் இங்கேதான். நகராட்சிகளின் நுண் உரம் தயாரிக்கும் மையங்களில் வேலைமுறை சரியானது. ஈரக்குப்பையோடு காய்ந்த இலை அல்லது தென்னைநார்க் கழிவைச் சேர்த்து ஈரம் 50–60 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து உள்ளே 55 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை, தண்ணீர் அதிகம் என்று பொருள். அதற்கு மருந்து நறுமணத் திரவம் அல்ல, இன்னும் இரண்டு கூடை சருகு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகர உரத்தில் குறைந்தது 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். 'செழிப்பு' என்ற பெயரில் அரசு கொடுக்கும் உரத்தை வாங்கும் விவசாயி முதலில் செய்ய வேண்டியது ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்ப்பது. கண்ணாடிச் சில், கவர் நூல் தென்பட்டால் வாங்கவேண்டாம். பிளாஸ்டிக் துணுக்கை வயலில் போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

கிருஷ்ணகிரிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மாம்பழக் கூழ் ஆலைகள் ஓடும் மே முதல் ஜூலை வரையான மாதங்களில் தோலும் கொட்டையுமாக, பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெளியே வரும். தோலில் சர்க்கரை அதிகம், அமிலமும் அதிகம். தனியாகக் குவித்தால் ஒரே நாளில் புளித்து ஈ மொய்க்கும். கொட்டையின் ஓடு மக்கவே மக்காது என்று நினைக்கும் அளவுக்கு நேரம் எடுக்கும். வருடம் முழுக்க ஒரே சீராக வரும் வீட்டுக் குப்பைக்காகக் கட்டிய தொட்டிகளில் இந்த மூன்று மாத வெள்ளத்தை ஊற்றக்கூடாது. தோலுக்குச் சாண எரிவாயு போன்ற கலன்தான் பொருத்தம். கொட்டையைக் காயவைத்துக் கொதிகலனுக்கு விறகாக்கலாம். சந்தையில் விலை இல்லாத நாளில் ரோட்டோரம் கொட்டப்படும் தக்காளிக்கும் இதே கதைதான்.

பத்து ரூபாய் பாட்டில்: 5-க்கு 4

எல்லாவற்றிலும் இதுதான் உருப்படியாக வேலை செய்கிறது. குடியைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், பாட்டில் திரும்புவதை மட்டும் பார்த்தால் மதிப்பெண் போட்டாக வேண்டும். நீலகிரிக் காடுகளில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவால் 2022 மே மாதம் அங்கே தொடங்கி, மாவட்டம் மாவட்டமாக விரிந்தது. விற்கும்போது பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, ஸ்டிக்கரோடு காலி பாட்டில் திரும்பினால் அந்தப் பத்தைக் கையில் கொடுக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி வழியாக யானைகள் நடக்கும் நாட்டில் இதற்கு நீலகிரியைவிடக் குறைந்த தேவை இல்லை. கேழ்வரகு வயலில் வெறுங்காலோடு களையெடுப்பவர்களுக்கும் அதே தேவைதான்.

ஏன் வேலை செய்கிறது? யாருடைய மனச்சாட்சியையும் நம்பி இது நிற்கவில்லை. வாங்கியவர் எறிந்தால், பொறுக்குகிறவர் எடுத்துக்கொண்டு வருவார்; பாட்டில் எப்படியும் கடைக்கு வந்துசேரும். கழுவி மறுபடி நிரப்பும் பாட்டிலுக்கு உருக்கும் செலவே இல்லை. உடைந்ததை உருக்கினால்கூட, சூளையில் ஒவ்வொரு 10 சதவீதக் கண்ணாடிச் சில்லுக்கும் 2 முதல் 3 சதவீத எரிபொருள் மிச்சம்.

ஒரு மதிப்பெண் குறைந்தது கடை ஊழியர்களுக்காக. ஸ்டிக்கர் ஒட்டுவது, திரும்பியதை எண்ணுவது, சாக்கில் அடுக்குவது எல்லாம் ஏற்கெனவே கவுன்ட்டரில் நிற்பவர் தலையில். சின்னக் கடையில் காலி பாட்டில் அடுக்க இடமும் கிடையாது. வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: தண்ணீரில் ஊறி ஸ்டிக்கர் உரிந்துவிட்டால் பத்து ரூபாயும் போச்சு.

மஞ்சப்பை, தடை

பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் நல்ல யோசனை. பை தீர்ந்ததும் நிரப்ப ஆளில்லாத இடங்களில் அது வெறும் பீரோ. அதைவிட, கடைகளில் துணிப்பை என்று சொல்லிக் கொடுப்பது உண்மையில் துணிதானா என்று பாருங்கள். நெய்யாத பை பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை இழுத்தால் துணியில் இழை உருவி வரும், நெய்யாத பையில் பஞ்சுபோலப் பிய்ந்து வரும். "இது 120 மைக்ரான், செல்லும்" என்று சொல்லும் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், ஆனால் அவர் சொல்வது மத்திய விதி. தமிழகத்தில் கைப்பிடி கவருக்குக் கனம் எவ்வளவு இருந்தாலும் தடைதான். ஓசூருக்கு அந்தப் பக்கம் கர்நாடகமும் 2016-லேயே தடை போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் தடை, நடுவில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடி, இருந்தும் சந்தையில் கவர் கிடைக்கிறது என்றால் அதன் வழி யாருக்கும் தெரியாத ரகசியமில்லை.

ஒகேனக்கல் தனிக் கணக்கு. ஆடிப்பெருக்கு நாட்களில் ஆற்றுப்பாறை இடுக்கில் சேர்வது பெரும்பாலும் ஷாம்பு, எண்ணெய்ப் பாக்கெட். பொறுக்குவதற்கு விலையே இல்லாத பொருள் அது. அபராதப் பலகைகளைக் கூட்டுவதற்குப் பதில், எண்ணெய்த் தேய்ப்பு நடக்கும் இடத்திலேயே பெரிய டப்பாவிலிருந்து அளந்து ஊற்றச் சொன்னால் பாக்கெட் ஆற்றுக்கே வராது.

புதிய விதிகள்

2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய திடக்கழிவு விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரம், உலர்ந்தது, சானிடரி நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு. இரண்டாகப் பிரித்ததே வண்டியில் கலக்கும்போது நான்கு எதற்கு என்று கேட்கலாம். நாப்கினை உலர்ந்த குப்பையிலிருந்து பிரித்தாலே தரம்பிரிக்கும் பெண்கள் கையால் தொட வேண்டிய மோசமான பொருள் போய்விடும். அதற்காகவாவது இது வேண்டும்.

பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களுக்கு 2025–26 முதல் கெட்டிப் பொட்டலத்தில் 30 சதவீதமும், மெல்லிய உறையில் 10 சதவீதமும், பல அடுக்கு உறையில் 5 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. வாங்குவோர் கூடினால் சுத்தமான கவருக்கு விலை ஏறும். அழுக்குக் கவருக்கு அப்போதும் ஏறாது. ஒன்றிய அலகுகளுக்குக் கழுவிக் காயவைக்கும் வசதியைச் சேர்த்தால் சாலைக்குத் தாரோடு போகும் பொருளை உருக்கிப் பிளாஸ்டிக் குருணையாக நல்ல விலைக்கு விற்கலாம்.

பேட்டரிதான் அடுத்த பெரிய விஷயம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியாகிறது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள்படி, 2026–27 முதல் பழைய மின்வாகன பேட்டரியின் பொருளில் 90 சதவீதத்தை மீட்டாக வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழையது கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கம் ஊறிப்போனதால் அது குப்பைக்கே வருவதில்லை. லித்தியம் பேட்டரிக்கு அந்த வழக்கம் இன்னும் பிறக்கவில்லை. உப்பிய செல்போன் பேட்டரி ஒன்று அழுத்தும் லாரியில் நசுங்கினால் லாரியே எரியும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் வைத்துத் தனியாகக் கொடுங்கள்.

மல்ச்சிங் ஷீட்: 5-க்கு 0

வயல் பிளாஸ்டிக்கெல்லாம் ஒன்றல்ல. செடி வரிசையோரம் ஓடும் சொட்டுநீர் லேட்டரல் பைப் 16 மி.மீ., ஒரு மில்லிமீட்டர் சுவர், மீட்டருக்கு 44 கிராம். ஏக்கருக்கு 120 கிலோ வரை வரும். கெட்டியாக இருப்பதால் கழுவினால் சுத்தமாகும், பழைய இரும்புக் கடைக்காரர் தோட்டத்துக்கே வந்து வாங்குவார். ஓசூர் ரோஜாக் குடில்களின் 200 மைக்ரான் ஷீட்டும் அப்படியே: 1,000 சதுர மீட்டருக்கு 184 கிலோ, மண் படாத சரக்கு, போட்டிபோட்டு எடுப்பார்கள். பூச்சிமருந்து டப்பா மட்டும் விதிவிலக்கு. கால்பங்கு தண்ணீர் ஊற்றி மூடி அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றி, இப்படி மூன்று முறை செய்து, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை போடாத டப்பா எங்காவது குடிதண்ணீர்க் கேனாக மறுபிறவி எடுக்கும்.

மல்ச்சிங் ஷீட்டை யாரும் வாங்குவதில்லை. 25 மைக்ரான் ஷீட்டில் ஒட்டும் மண் ஷீட்டின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். வெயிலில் ஒரு பயிர்க்காலம் கிடந்து நைந்திருப்பதால் இழுத்தால் கிழியும். கழுவும் செலவு கிடைக்கும் குருணையின் விலையைத் தாண்டும். அதனால் வரப்பில் குவித்து எரிக்கிறார்கள், அல்லது ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலக்கிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம்: துணுக்குகள் அடுத்த பயிரின் வேரோடும், ஆடு மாடு மேயும் புல்லோடும் சேரும்.

எடுக்கிற முறையிலேயே பாதிப் பிரச்சினை தீரும். கடைசி அறுப்புக்குப் பிறகு செடியைத் தரையோடு வெட்டி அகற்றுங்கள். வேரோடு பிடுங்கினால் துளையைச் சுற்றி ஷீட் கிழியும். சொட்டுநீரை நிறுத்தி நான்கைந்து நாள் காயவிடுங்கள். ஓரத்தில் புதைந்த பகுதியை மண்வெட்டியால் நெம்பி இரண்டு பக்கமும் விடுவித்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல், மண் பொடியாக உதிரும் நேரத்தில், இரண்டு பேர் இரு ஓரமும் பிடித்து உதறிக்கொண்டே மரக்கட்டையில் சுற்ற வேண்டும். மழை பெய்த மறுநாள் தொடவே தொடாதீர்கள். ஷீட் வாங்கும்போதே 20 மைக்ரானை மலிவு என்று எடுக்காமல் 30 மைக்ரான் எடுத்தால் ரோலுக்கு நான்கு கிலோவுக்கு மேல் கூடும், ஆனால் துண்டாகாமல் முழுசாக வெளியே வரும்.

மீதிப் பாதி அரசின் வேலை. ஷீட்டுக்குத் தோட்டக்கலைத் துறை வழியாக 50 சதவீத மானியம் கிடைக்கிறது. பழைய ஷீட்டை உதறிச் சுருட்டிக் கொண்டுவந்து ஒன்றிய அலகில் எடைபோட்டு ரசீது வாங்கினால்தான் அடுத்த மானியம் என்று வைத்தால், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் செய்ததை ஷீட்டுக்கு மானியம் செய்யும். ஊக்கத்தொகைக்கென்று புதிதாகப் பணம் ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஏற்றிவர வண்டியும் இருக்கிறது: மண்டிக்குத் தக்காளி கிரேட் கொண்டுபோகும் பிக்கப் திரும்பும்போது காலியாகத்தான் ஓடுகிறது. அலகில் ஷ்ரெட்டருக்கு முன்னால் ஒரு சுழல் சல்லடை மட்டும் கூடுதலாக வேண்டும். மண்ணை அங்கேயே உதறிவிட்டுத்தான் எடைபோட வேண்டும். இல்லையென்றால் 75 கிலோ ஷீட் தராசில் 150 கிலோ காட்டும்.